இங்கிலீஷ் மேஸ்திரி

1939 ஜூலை 3, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்.

உறுதியானது: ராஜபாளையம் மலையடி மில்லில், ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, இங்கிலீஷ் பேசத் தெரிந்தவரே நூல் நூற்கும் ரிங் ஷெட்டின் மேஸ்திரியாக இருக்க முடியும். தெரியாதவர் கூலியாளாக இறக்கப்படுவார். ஆதாரம்: மில் கேட்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். நின்று இரண்டு தடவை படித்தேன். இங்கிலீஷில் மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். யாருக்காக ஒட்டினார்களோ அவர்களில் ஒருவராலும் அதைப் படிக்க முடியாது. வாட்ச்மேன் சமுத்திரம் என்னிடம் அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"அப்ப கருத்தையா மேஸ்திரி சோலி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றார்.

கருத்தையா வன்னியம்பட்டிக்காரர். மில் ஓட ஆரம்பித்த நாள் முதல் ரிங் ஷெட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. ஷெட்டில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவர் ஊரிலிருந்து அவர் கூட்டி வந்த ஆட்கள்.

ஜூலை 5, புதன்.

மில்லுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கருத்தையாவைப் பிடித்தேன்.

"வாங்க பேப்பர்காரரே. எழவு விழு முன்னயே எழுத வந்துட்டீகளா?"

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்ய? பேரன்கூடப் போயி பள்ளிக்கூடத்துல உக்காரவா? ஒரு நா ஷெட்டுக்குள்ள வந்து நில்லுங்க. பெத்த தாய் காதுகிட்ட வந்து கூப்பிட்டாலும் கேக்காது. அங்க தமிழே செல்லாது. இங்கிலீஷ் எங்கிட்டுச் செல்லும்?"

அது உண்மை. போன வருஷம் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் யாரும் பேசுவதில்லை. எல்லாம் கைதான். இரண்டு விரலை வெட்டிக் காட்டினால் நூல் அறுகிறது. மணிக்கட்டைத் தட்டினால் பெல்ட் நழுவுகிறது. உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தால் துரை வருகிறார். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நிமிஷத்தில் சேதி போய்விடும்.

எழுந்து போகும்போது சொன்னார்: "உங்க ஆளுகளுக்கு வசதிதான். பாதிரியார் பக்கத்துல நின்னே படிச்சிருவாக."

உங்க ஆளுக என்றால் வேதக்காரர்கள், என்னைப் போன்ற கிறிஸ்தவர்கள்.

இதையும் எழுதி வைக்க வேண்டும். கருத்தையா உத்தமர் அல்ல. வேலைக்குச் சேர்த்துவிடக் கை நீட்டுகிறவர். அவர் முகம் கோணினால் ஒருவனுக்கு அன்று வேலை இல்லை. ஆனால் நோட்டீஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலீஷைப் பற்றித்தான் சொல்கிறது.

ஜூலை 11, செவ்வாய்.

மானேஜர் சங்கரலிங்கம் பேட்டி கொடுத்தார். உட்காரச் சொல்லி, காபிக்கும் சொன்னார்.

"மெஷினோட வந்த புஸ்தகம் இங்கிலீஷ். சாமான் எழுதிக் கேக்கது இங்கிலீஷ். ஸ்பின்னிங் மாஸ்டர் ஹார்ட்லி துரை பேசுதது இங்கிலீஷ். நடுவுல நிக்கவன் ஊமையா இருந்தா எப்படிய்யா மில் நடத்த?"

நியாயம் இல்லாத பேச்சு என்று சொல்ல மாட்டேன். துரை வந்து மூன்று வருஷம் ஆயிற்றே, அவர் தமிழ் படித்தாரா என்று கேட்டேன்.

"அவருக்குச் சம்பளம் நூல் நூக்கதுக்கு. தமிழ் படிக்கதுக்கு இல்ல."

"கருத்தையாவுக்கும் நூல் நூற்கத்தானே சம்பளம்?"

காபி கொண்டு வந்த பையனை வாசலிலேயே கையசைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு என்னை வெளியே கொண்டுவந்து விடும்போது, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வன்னியம்பட்டி ஆள் ஒருத்தன வெளிய தள்ளுனா, அம்புட்டுப் பேரும் மெஷின நிறுத்திட்டு நிக்கானுக. அந்த நோய்க்கு ஒரு மருந்து வேணும்லா?" பிறகு, "இத எழுதிராதீக" என்றார்.

முதலில் எழுதாதே என்று சொல்லிவிட்டு ஒருவர் பேசினால் எழுத மாட்டேன். பேசிவிட்டு எழுதாதே என்றால் அது அவர் பாடு. எழுதுவேன்.

ஜூலை 12, புதன்.

தூக்கம் சரியாக இல்லை. ராஜபாளையத்தில் இரண்டு பாஷை பேசாதவர் யார்? பாத்திரக் கடைக்காரர் வீட்டுக்குள் தெலுங்கில் வைகிறார், வாசலுக்கு வந்ததும் தமிழில் விலை சொல்கிறார். அவரிடம் சாமான் வாங்கும் கூமாப்பட்டிப் பெண்பிள்ளை தெலுங்கிலேயே பேரம் பேசுகிறாள். யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. தேவை வந்தது, நாக்கு பழகிக்கொண்டது. சம்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பேசு, இல்லாவிட்டால் இறங்கு என்பது வேறு. அது பாஷை கற்றுக்கொடுப்பது அல்ல. கழுத்தைப் பிடிப்பது.

ஆனால் நான்? இருபது வருஷமாக இங்கிலீஷில் தந்தி அடித்துத்தான் சாப்பிடுகிறேன். மதுரைப் பத்திரிகை என்னை எடுத்தது என் இங்கிலீஷுக்காக. அன்றைக்கு எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் யார், அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று நான் கேட்கவே இல்லையே.

ஜூலை 19, புதன்.

செய்தி வந்திருக்கிறது. கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள். மருந்து பற்றிய பத்தி.

ஜூலை 23, ஞாயிறு.

ஆராதனை முடிந்து தங்கை ஜெயக்கொடி கூடவே வந்தாள். வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை. அவள் மகன் எலியேசர் மேஸ்திரி வேலைக்கு மனு போட்டிருக்கிறான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிறவன். மச்சான் இறந்த பிறகு அந்த வீட்டுக்கு வருமானம் கிடையாது.

இந்த வேலை வேண்டாம் என்றேன். கருத்தையாவின் இடம் என்றேன்.

"அவன் பேரு எழுதியா வச்சிருக்கு? ஒங்க பேப்பருக்கு மில்லு அடைச்சாலும் நியூஸு, தொறந்தாலும் நியூஸு. எனக்கு அடுப்பு எரியணும்ணே."

அந்த ஷெட்டில் அவனை ஒருத்தனும் மதிக்க மாட்டான் என்றேன்.

"நீ இங்கிலீஷ வச்சுத் தின்னலாம். என் மகன் தின்னக்கூடாதோ?"

குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் போய்விட்டாள். ஏட்டி, நில்லுட்டி என்று தெருவில் நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டு 1, செவ்வாய்.

பரீட்சை நடந்தது. ஆதாரம்: ஆபீஸ் பியூன் இருளப்பசாமி, கதவோரம் நின்றவர். சமுத்திரத்திடமும் கேட்டேன். அவர் வெளியே நின்றதால் பாதிதான் சொன்னார், அந்தப் பாதி ஒத்துப் போகிறது.

ஹார்ட்லி துரை நாற்காலியில். பக்கத்தில் சங்கரலிங்கம். கருத்தையா நின்றுகொண்டு. துரை ஏதோ கேட்டார். கருத்தையா பேசவில்லை. மறுபடி கேட்டார். பேசவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது கருத்தையா துரையின் முகத்தைப் பார்த்து, மணிக்கட்டைத் தட்டி, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினார். துரை சட்டென்று எழுந்து ஷெட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார். பிறகுதான் நின்றார். சிரித்தாராம். உட்கார்ந்து, பேப்பரில் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

"சிரிச்சிக்கிட்டே போட்டாரு சார். அதான் என்னால பாக்க முடியல" என்றார் இருளப்பசாமி.

கருத்தையா கூலியாளாக நிற்க மறுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஆகஸ்டு 3, வியாழன்.

எலியேசருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜெயக்கொடி பனங்கற்கண்டு கொடுத்தனுப்பியிருந்தாள். நான் வாயில் போடவில்லை.

ஆகஸ்டு 16, புதன்.

ஷெட் கையை மூடிக்கொண்டுவிட்டது. வேலை நிறுத்தம் இல்லை, கூச்சல் இல்லை. வேலை நடக்கிறது. ஆனால் யாரும் யாருக்கும் கை காட்டுவதில்லை. நூல் அறுந்தால் அறுந்தபடி. பெல்ட் நழுவினால் நழுவினபடி. மேஸ்திரி தானாகக் கண்டுபிடித்து ஓட வேண்டும். காரணம் கேட்டால், இங்கிலீஷில்தானே சொல்ல வேண்டும், எங்களுக்குத் தெரியாதே என்கிறார்கள். கழிவு நூல் மூட்டை மூட்டையாக வெளியே போகிறது.

எலியேசர் சாயங்காலம் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

"ஒருத்தனும் கையத் தூக்க மாட்டேங்கான் மாமா. சாப்பாட்டு மணிக்கு வெளிய வந்தாத்தான் வாயத் தொறக்கானுக. 'ஏலே, இங்கிலீஷ் மேஸ்திரி வாரான், குட் மார்னிங் சொல்லுங்கலே'ங்கான். என் சோத்துச் சட்டியில பஞ்சத் திணிச்சு வச்சிருக்கான்."

துரையிடம் சொன்னாயா என்றேன்.

"சொன்னேன். இங்கிலீஷ்லதான் சொன்னேன். ஷெட்டுக்குள்ள அவருக்கும் கேக்கல."

சிரிப்பு வந்தது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. அவன் எழுந்து போய்விட்டான்.

செப்டம்பர் 4, திங்கள்.

யுத்தம் அறிவித்துவிட்டார்கள். இனி மில் செய்திக்கு இடம் கிடையாது என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார். மேஸ்திரி யார் என்று எவன் கேட்கப் போகிறான்.

செப்டம்பர் 22, வெள்ளி.

கருத்தையா சர்க்கார் லேபர் இலாகாவுக்கு மனுக் கொடுத்திருக்கிறார். விசாரணை இங்கே, தாலுகா கச்சேரியில். ஆதாரம்: மனுவை எழுதிக் கொடுத்த வக்கீல் குமாஸ்தா ஐயாதுரை.

இன்னொன்று, எலியேசரைப் பஸ் நிலையத்தில் பார்த்தபோது அவனே சொன்னது. ஹார்ட்லி துரை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கைச் சைகைகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் ஊர் மில்களிலும் இதே கைப் பாஷைதானாம். இங்கே வந்த மூன்று வருஷத்தில் கருத்தையாவைப் பார்த்தே நம் சைகை எல்லாவற்றையும் பழகிக்கொண்டாராம். ஆக, அவருக்கும் கருத்தையாவுக்கும் நடுவில் ஒரு நாளும் பாஷைத் தகராறு இருந்ததே இல்லை. நோட்டீஸ் அவர் கேட்டு ஒட்டினதும் இல்லை.

அப்புறம் எதுக்குலே துரை தேறவில்லைன்னு கையெழுத்துப் போட்டாரு?

எலியேசர் இப்போது கை காட்டுகிறான். ஷெட் திருப்பிக் காட்டுவதில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு.

வன்னியம்பட்டிக்குப் போனேன். கருத்தையா கிணறு வெட்டுமிடத்தில் மண் சுமந்துகொண்டிருந்தார். அவர் மனைவி முத்தாத்தாள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "மருமகனுக்கு எம்புட்டுச் சம்பளமாம்?" என்று மட்டும் கேட்டாள். அவன் என் தங்கை மகன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் எழுதிய செய்தி ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி.

உறுதியானது: எலியேசர் தொழிலாளர் தரப்பில் சாட்சி சொல்கிறான். ஆதாரம்: அவனே. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று சொன்னான்.

"ஷெட்டுக்குள்ள நான் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசினதில்ல மாமா. துரையும் பேசினதில்ல. கேட்டா அதத்தான் சொல்லுவேன்."

வேலை போய்விடுமே என்றேன்.

"போகட்டும். எனக்குத் தெரிஞ்சத அங்க யாரும் கேக்கல. அவுகளுக்குத் தெரிஞ்சத எனக்கு யாரும் தரல. நான் எதுக்கு அங்க நிக்கேன்?"

உன்னை யாராவது தூண்டினார்களா என்று கேட்டேன். தொழில் புத்தி.

"யாரும் இல்ல. நீங்களும் இதுல தலையிடாதீக" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

கருத்தையாவிடம் ஐயாதுரை இதைச் சொன்னபோது, "சொல்லட்டும். அதுக்காக அவன் எனக்குச் சொந்தக்காரன் ஆயிருவானா?" என்றாராம்.

மத்தியானம் சங்கரலிங்கம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒம்ம மருமகன் பேசாம இருந்தா மேஸ்திரி. பேசுனா, மகாராஜபுரத்து ஆள் ஒருத்தன் தயாரா இருக்கான்."

"அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"கைநாட்டு. வன்னியம்பட்டியில ஒரு சொந்தக்காரன்கூடக் கெடையாது. எனக்கு அது போதும்."

இந்தத் தடவை, எழுதாதே என்று சொல்லவில்லை. எழுதினாலும் வராது என்று அவருக்குத் தெரியும்.

ஜெயக்கொடி நாளைக் காலை வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். மகனைத் தடுக்கச் சொல்வாள். நான் தடுக்க மாட்டேன். அதோடு அவள் இந்த வீட்டுக்கு வருவது நின்றுபோகும்.

விசாரணை 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. சாட்சி சொல்ல வருகிற துரைக்குப் புரிய வேண்டும் என்று, நடவடிக்கை முழுவதையும் இங்கிலீஷிலேயே நடத்தும்படி மில் தரப்பு மனுப் போட்டிருக்கிறது. அதிகாரி இன்னும் முடிவு சொல்லவில்லை. கருத்தையாவைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், அன்று காலை, சொல்வார் என்று கச்சேரியில் எதிர்பார்க்கிறார்கள்.