மச்சாளின் ஓய்வுக்கு ஓர் ஏரிக்கரை

ஜூன் 2, ஞாயிறு

அண்ணைக்குப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. போன வருடம் திராட்சைக் கொடி, அது செத்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் வீட்டுக்குள்ளேயே நின்று ஓடும் உடற்பயிற்சி இயந்திரம், இப்போது அதில் துவாய் காய்கிறது. இந்த வருடம் வடக்கே, காட்டுக்குள், ஏரிக்கரையில் ஒரு மரவீடு. இங்கத்தைய பிரெஞ்சு ஆட்கள் ஷலே என்பார்கள். ஜூலையில் ஒரு வார இறுதிக்கு எடுக்கப்போகிறாராம்.

லொங்குய் நகரில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். "குணத்துக்கு ஒப்பரேசன் முடிஞ்சு ரெண்டு மாசம். டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர். எல்லாம் இவளுக்காகத்தான்."

சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். அவர் மனைவி குணேஸ்வரி மச்சாள், பித்தப்பை எடுத்த வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி எழும்பிச் சோறு போட்டார்.

ஜூன் 9

வாட்ஸப்பில் குழு தொடங்கியாயிற்று. பெயர் 'குணத்தின் ஓய்வு'. முதலில் நாங்கள் மூன்று பேர். இன்று பார்த்தால் அண்ணையின் கூட்டாளிகள், அவர்களுடைய மனைவிமார், மனைவிமாரின் அக்காமார் என்று ஒரு பஸ் பிடிக்கலாம். அந்தக் கூட்டாளிகளில் ஒருவர், கதிர்காமத்தம்பி அண்ணை, பாட்டுப் பெட்டியும் மைக்கும் கொண்டு வருகிறாராம். "காட்டுக்குள்ள ஆர் கேக்கப்போகினம், நல்லாச் சத்தமா விடலாம்" என்று குரல் பதிவு போட்டிருக்கிறார். பாவம் கரடிகள்.

அண்ணை கரடிக்கு மணி வாங்கியிருக்கிறார். இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் கரடி ஓடிவிடுமாம். அந்தப் பாட்டைக் கேட்டும் ஓடாத கரடி மணிக்கா ஓடும்?

குழுவில் இதுவரை ஒரு சொல்லும் எழுதாதவர் மச்சாள் மட்டும்தான்.

ஜூன் 16

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "உங்களுக்கு வாய் இல்லையோ? வேண்டாமெண்டு சொல்லுங்கோவன்."

"இருக்கு" என்றார். "பேந்து கதைக்கிறன் தக்ஷினி. அடுப்பில கறி."

இப்படியும் ஒரு மனுசி. இவருக்காக வாதாடுகிற என்னைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 30

சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. வெள்ளி இரவு கொத்து ரொட்டி, சனி காலை புட்டு, மதியம் ஆட்டிறைச்சி, பின்னேரம் வடை. இது ஓய்வா, கலியாண வீடா? யார் சமைப்பது என்று அண்ணையைக் கேட்டேன். "பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்தா என்ன பெரிய வேலை?"

நான் டோர்வலில் விமானச் சாப்பாட்டுக் குசினியில் நாள் முழுக்கப் பெட்டி அடைக்கிறவள். விடுமுறையிலும் காட்டுக்குப் போய் அதையேவா செய்ய வேண்டும்? வரமாட்டேன் என்றேன்.

"நீ தனிய இருக்கிறவள். குடும்பம் எண்டா என்னெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாதாம்! அம்மா படுக்கையில கிடக்கேக்க ஆர் பார்த்தது? வந்து படம் எடுத்துக்கொண்டு போனவருக்குத்தான் குடும்பம் தெரியுமாம். போங்கோ. கரடியோடயே குடும்பம் நடத்துங்கோ.

ஜூலை 7

போகமாட்டேன்.

ஜூலை 10

மச்சாள் எடுத்தார். "நீர் வாரும், தக்ஷினி. உம்மட காரில நான் வாறன்."

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. ஓம் என்றுவிட்டேன். ரோசமே இல்லை எனக்கு.

ஜூலை 19, வெள்ளி

எழுதும்போது இன்னும் சிரிப்பு வருகிறது. பயமும்தான்.

காலையில் அண்ணை கறுப்புக் கண்ணாடியோடு படைத்தளபதி மாதிரி நின்று வாகனங்களை அனுப்பினார். நாங்கள் கடைசி. நெடுஞ்சாலையில் வடக்கே போய், மலைகள் தெரியத் தொடங்கிய நேரம், மச்சாள் சொன்னார்: "அடுத்த எக்சிட்டில காரை இறக்கும்."

"அது எங்கட பாதை இல்லை மச்சாள்."

"தெரியும்."

அவர் வேலை செய்யும் கார்தெரியில், குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், லூசி என்று ஒருத்தி கூட வேலையாம். அவளுக்கு வேறோர் ஏரிக்கரையில் சின்ன மரவீடு. இந்த வார இறுதியில் வெறுமையாம். கதவுத் திறப்பு மச்சாளின் கைப்பையில்! "ரெண்டு பேருக்குத்தான் கட்டில்" என்றார்.

பிறகுதான் எனக்குப் பின்சீட்டு ஞாபகம் வந்தது. பெரிய சட்டிகள், இறைச்சிப் பெட்டி, தூள் வகை, எல்லாமே எங்கள் காரில். "இதுகள்?"

"இடம் இருந்தது. ஏத்தினன்."

முகத்தில் ஓர் அசைவும் இல்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

அண்ணை எடுத்தார். "எங்கடி நிக்கிறியள்? இறைச்சி உங்களோடயடி!" முதற் கேள்வியே இறைச்சி. மச்சாள் போனை வாங்கினார். "நாங்கள் பத்திரம். நான் ஓய்வெடுக்கிறன்." வைத்துவிட்டார்.

ஜூலை 20

மச்சாள் மதியம்வரை நித்திரை. எழும்பிப் பாணும் சீஸும் சாப்பிட்டார். அந்த இறைச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னேரம் ஏரிக்குள் காலைத் தொங்கவிட்டபடி சொன்னார்: "ஆஸ்பத்திரியில கிடந்ததுதான் எனக்கு லீவு. திரும்ப உடம்புக்கு ஏதும் வருத்தம் வந்தா நல்லம் எண்டு நினைச்சன், தக்ஷினி. அப்பிடி நினைச்சிட்டன் எண்டு விளங்கினவுடனதான் பயம் வந்தது."

நானும் செருப்பைக் கழற்றி, பக்கத்தில் காலைத் தொங்கவிட்டேன்.

பிறகு, "உம்மட அண்ணைக்கு இடத்தைச் சொல்லும்" என்றார்.

ஜூலை 21

அண்ணை தனியாக வந்தார். நுளம்பு கடித்துக் காது வீங்கியிருந்தது. அங்கே மிஞ்சியது பிட்சாவும் கதிர்காமத்தம்பி அண்ணையின் பாட்டும்தானாம். எனக்குச் சந்தோசம், மறைக்கவில்லை.

"ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்று தொடங்கினார். ஆட்களாம்! மச்சாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை காதைச் சொறிந்தார். பழக்கதோசத்தில், "தேத்தண்ணி இருக்கோ?"

நான் மச்சாளைப் பார்த்தேன். எழும்பப்போகிறார், எல்லாம் நாசம் என்று நினைத்தேன்.

"கேத்தில் உள்ளுக்கு இருக்கு."

எழும்பவில்லை.

அண்ணை உள்ளே போனார். அலுமாரிகள் திறந்து மூடும் சத்தம். ஏதோ விழுந்தது. ஒரு கப்போடு வந்து மச்சாளிடம் நீட்டினார். வெளிறிய தேத்தண்ணி. மச்சாள் ஒரு வாய் குடித்தார். "சீனி கூடிப்போச்சு."

"உனக்கு எவ்வளவு போடுறது எண்டு..." அண்ணை நிறுத்தினார். "எனக்குத் தெரியாது, குணம்."

அந்தப் பெரிய உடம்பு மரப்படியில் அப்படியே குந்திவிட்டது. நான் அங்கிருந்து நடந்து போய்விட்டேன். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்: கேட்க ஆசைதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மத்தியானம் அண்ணை எடுத்தார். காட்டுக்குப் பிறகு என்னோடு கதைக்காதவர். குரலைத் தாழ்த்தி, "பருப்புக்குத் தேங்காய்ப்பால் எப்ப விடுறது?"

"மச்சாளைக் கேளுங்கோவன்."

"அவ நித்திரை. எழுப்ப மனமில்லை."

நாக்கின் நுனியில் நாலைந்து நக்கல் நின்றது. விழுங்கிவிட்டு, பருப்பு அவிந்த பிறகு, நெருப்பைக் குறைத்துவிட்டு, என்று தொடங்கினேன்.

"பொறு, பொறு" என்றார் அண்ணை. "மெல்லச் சொல்லு."

மெல்லச் சொன்னேன்.