கணவரைப் பார்க்க என்று எழுதக் கூடாது

பிப்ரவரி 6

இன்று கடையில் ஒரு வாத்தியாரின் மூக்குக் கண்ணாடியில் இடது லென்ஸை வலது பக்கம் பொருத்திவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நீ ரெண்டு பேரா தெரியுறியே" என்றார். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும். காலையில் வந்த மின்னஞ்சலைப் படித்தபின் எனக்கே நான் பாதியாகத்தான் தெரிந்தேன்.

என் கணவரின் நாட்டு இமிகிரேஷன் ஆபீஸ் எழுதியிருக்கிறது: திருமணத்துக்குப் பிறகு இருவரும் நேரில் சந்தித்ததற்கு ஆதாரம் வேண்டும். கல்யாணப் படங்கள் போதாது. மே மாதத்துக்குள் வராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். மூடினால் மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் இரண்டு வருடம்.

சந்திப்பதற்காகத்தானே போன வருடம் சுற்றுலா விசா கேட்டேன்? மறுத்தார்கள். காரணம், அங்கே கணவர் இருக்கிறாராம். போனால் திரும்ப மாட்டேனாம். கணவர் இருப்பதால் நான் வரக் கூடாது. நான் வராததால் அவர் கணவர்தானா என்று சந்தேகம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பைத்தியம் இனிமேல்தான் பிடிக்க வேண்டும்.

அவர் இங்கே வரலாமே என்று ஊரே கேட்கிறது. அவர் லிப்ட் மெக்கானிக். கல்யாணம் முடிந்த சூட்டோடு புது வேலைக்குப் போனவர். மனைவியை அழைத்துக்கொள்ள, சம்பளம் ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் வந்திருக்க வேண்டும் என்பது விதி. என்னைப் பார்க்க லீவு போட்டால் என்னை அழைக்கும் தகுதி போய்விடும்.

பிப்ரவரி 7

"தினம் போன்ல பேசுறீங்களே, அதக் காட்டு" என்றாள் அம்மா. காட்டியாயிற்று. போனில் யார் வேண்டுமானாலும் பேசலாமாம்.

பிப்ரவரி 20

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது. ஏப்ரலில் கம்பெனி அவரைப் புது லிப்ட் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புகிறது. திரும்பும்போது வழியில் ஒரு விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும், அரை நாள் இடைவெளி. நானும் அதே விமான நிலையம் வழியாக எங்கேயாவது போனால்?

யோசனை டிக்கெட் அண்ணனுடையது. எங்கள் கடைக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கிறார். "வெளியவே போகாம உள்ளயே உக்காந்து பேசிட்டு வந்துடும்மா. ஏர்போர்ட்டும் ஒரு நாடு மாதிரிதான், குடிமக்கள்தான் கிடையாது" என்றார்.

பிறகு தலையைச் சொறிந்தார். மற்றவர்கள் உள்ளேயே உட்கார விசா வேண்டாம். எனக்கு வேண்டும். வேறொரு நாட்டில் குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள். கணவரோடு வாழ ஆசைப்படுகிற பெண், கிடைத்த விமான நிலையத்தில் இறங்கித் தனியாக வாழத் தொடங்கிவிடுவாள் என்று யாரோ பயந்திருக்கிறார்கள்.

மார்ச் 3

டிரான்சிட் விசா விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பிவிட்டேன். அண்ணன் ஊரில் இல்லை. "இடைவழியில் தங்குவதன் நோக்கம்?" என்று கேட்டிருந்தார்கள். என் கணவரைப் பார்க்க, என்று எழுதினேன். உண்மைக்கு என்ன பயம்?

மார்ச் 18

மறுத்துவிட்டார்கள்.

மார்ச் 19

டிக்கெட் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யாராவது உண்மையப் போய் எழுதுவாங்களாம்மா? டிரான்சிட்னா வேற எங்கயோ போறது. யாரையாவது பாக்கணும்னா அது விசிட். இங்க உனக்கு விசிட்டும் இல்ல, டிரான்சிட்டும் இல்ல. புருஷன்ங்கிற வார்த்தையே எந்தத் தாள்லயும் வரக் கூடாது."

அப்படியென்றால் நான் உண்மையாகவே வேறு எங்கோ போக வேண்டும். எங்கே? உலகப் படத்தை விரித்தோம். எனக்கு ஜென்மத்தில் வேலையில்லாத ஒரு நாடு கிடைத்தது. அங்கே லென்ஸ் தேய்க்கும் இயந்திரங்களின் கண்காட்சி நடக்கிறதாம்.

முதலாளியிடம் கடிதம் கேட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "பாவம்மா நீ, உனக்கில்லாததா" என்று உருகிவிட்டு, பார்க்க வேண்டிய இயந்திரங்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். "போறதுதான் போற, எல்லாத்தயும் பாத்துட்டு வந்துடு."

ஏப்ரல் 9

இன்று மறுபடியும் டிரான்சிட் விசாவுக்கு நேர்காணல். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவர் கண்ணாடியின் மூக்குத் தாங்கி கோணலாக இருந்தது, கை பரபரத்தது.

"போற நாட்டுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"யாருமே இல்ல."

"வழியில?"

"வழியில லிப்ட் இருக்கும் சார்" என்று உளறினேன். அவர் நிமிர்ந்தார். "பெட்டி கனம், அதான்" என்றேன்.

முத்திரை விழுந்தது. உறவு இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது, நாதியற்ற இடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். நல்ல உலகம்!

ஏப்ரல் 26

என்னால் எழுதவே முடியவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

விமான நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நகரும் படியின் கீழே நின்று, வழக்கம்போல அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடினேன். அவரும் ஓடி வந்தார். கையில் ஒரு கோப்பு. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "வா வா, அந்தக் கடிகாரத்துக்குக் கீழ நில்லு. தேதி தெரியணும். போர்டிங் பாஸ முகத்துக்குப் பக்கத்துல பிடி."

நின்றேன். பிடித்தேன். "சிரி, இயல்பா சிரி" என்றார். அவ்வளவுதான்.

"ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்குறீங்க. எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் உங்க பொண்டாட்டியா, இணைப்பு எண் நாலா?"

"இதுக்குத்தானே வந்தோம்?" என்றார்.

இதுக்குத்தானா? இதுக்குத்தானா வந்தேன்? சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கிடைத்ததே அரை நாள், அதில் பாதியை வீம்பு தின்றது.

பிறகு அவர் கோப்பைக் கீழே வைத்துவிட்டு நடு நாற்காலிக்கு வந்தார். "பயமா இருக்கு. மூடிட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. தூங்கியே நாளாச்சு" என்றார். அவருடைய கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். நானும்தான் கேட்கவில்லை, எப்படி இருக்கீங்க என்று.

அழுதோம். என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனார். அசைந்தால் விழித்துக்கொள்வாரோ என்று நான் அசையவே இல்லை. அவருடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தபோது இருவரும் எழுந்து ஓடினோம்.

படம் எடுக்க மறந்து போனோம்.

ஏப்ரல் 28

இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நன்றாகத் தேய்க்கின்றன.

மே 4

ஒரு படம் இருக்கிறதாம்! சிரி என்று சொன்ன கையோடு, நான் வெடித்த நேரத்தில், அவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அனுப்பினார். பின்னால் கடிகாரம், முன்னால் நான். வாய் திறந்திருக்கிறது, விரல் நீண்டிருக்கிறது, போர்டிங் பாஸ் கசங்கியிருக்கிறது. ஓரத்தில் கண்ணாடிச் சுவரில் பிம்பமாக, போனைப் பிடித்தபடி வெளிறிப்போன அவர். வேறு கதியில்லை. அதையே அனுப்பிவிட்டோம்.

"இதப் பாத்தா விசா இல்ல, விவாகரத்துதான் குடுப்பாங்க" என்றாள் அம்மா.

மே 27

அவருடைய நாட்டுத் தூதரகத்தில் நேர்காணல். வயதான ஓர் அம்மையார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இங்க என்ன நடக்குது?"

சமாளிக்கத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் திரும்ப வந்துவிட்டது. கடிகாரத்திலிருந்து காலி நாற்காலி வரை எல்லாவற்றையும் கொட்டினேன். யார் மேல தப்பு என்று கேட்டார். அவர் மேலதான் என்றேன்.

"அவர்கிட்ட நேத்து போன்ல கேட்டேன். அவளைக் கேட்டா என் மேலதான்னு சொல்வா, அப்படியே எழுதிக்குங்கன்னார்" என்றார். எழுதிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூன் 16

வந்துவிட்டது!! அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு சமையலறையில் போய் அழுதாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி தர மாட்டான் என்பார்கள். பூசாரியம்மாவும் கொடுத்துவிட்டார். டிக்கெட் அண்ணனிடம் ஒருவழி டிக்கெட் கேட்டேன். திரும்பி வர வேண்டாமா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்டோபர் 8

இங்கே ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஏதோ கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதென்று அவர் வர அரை மணி நேரம் தாமதம். ஐந்து தடவை போன் செய்துவிட்டேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம். இந்த மனுஷனுக்காக எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது!