கவ்வாத்து வெட்டாத மரம்

இன்று காலை குசினி அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்க ஏணியில் ஏறினேன். தூள் போத்தல்களை ஒவ்வொன்றாக நான் இறக்கிக் கொடுக்க, மனைவி கீழே நின்று வாங்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சுவரோடு ஒட்டியபடி ஒரு கடதாசிப் பொட்டலம் அகப்பட்டது. பிரித்தால், அரைவட்டத் தேயிலைக் கட்டி. பழைய மரப்பெட்டி மணமும் வறுத்த மிளகாய்த்தூள் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. "இன்னும் கிடக்கே இது?" என்றாள் அவள். இறங்கிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

நீர் போய்ச் சேர்ந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. உம்மிடம் சொல்ல வேண்டியதை நீர் இருக்கும்போது சொல்லாமல், இப்போது கடதாசியில் எழுதுகிறேன். என் புத்தி எப்போதும் இப்படிப் பிந்தித்தான் வரும். அது உமக்குத் தெரியாததல்ல.

எஸ்பியர்க் என்ற இந்த டேனிஷ் ஊரின் மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டினோம். நான் யாழ்ப்பாணம். நீர் மலையகம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வயதில் நான் நாலு மாதம்தான் மூப்பு. அதற்கே என்னை 'அண்ணே' என்றீர். நானும் ஏதோ பிறவியிலேயே எனக்குக் கிடைத்த பட்டம் போல அதை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றக் கூட்டாளிகள் போத்தலோடு வருவார்கள். நீர் தேயிலையோடு வந்தீர். நான் சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தத் தேயிலை வந்த கதையும் சிரிப்புத்தான். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த சீனப் பெண்ணின் சைக்கிளை நீர் திருத்திக் கொடுத்தீர். அவர் ஊருக்குப் போய் வந்தபோது, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டக் கட்டியைக் கொண்டுவந்து உம்மிடம் நீட்டினார். உங்கள் இருவரிடமும் இருந்தது அரைகுறை டேனிஷ். அதை வைத்தே அவர் அந்தத் தேயிலையின் சாதகம் முழுவதையும் உமக்குச் சொல்லியிருந்தார். பூ-எர் என்று பெயர். பச்சை வகை. வெயிலில் காயவைத்து, ஆவியில் இளக்கி, அமுக்கி வட்டமாக்கியது. வருடம் போகப் போகத் தானாகவே ருசி மாறும். இதையெல்லாம் என் குசினி மேசையில் வைத்து விளக்கிவிட்டு, சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றால் கட்டியின் ஓரத்தை நெம்பினீர்.

கென்புருக் என்ற பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு சின்ன ஸ்னாப்ஸ் சாராயக் கிளாஸ்கள்தான் நமது கோப்பை. மீன் மணம் ஏறிவிடும் என்று தேசிக்காய் போட்டு இரண்டு தரம் கை கழுவினீர். என்னையும் கழுவ வைத்தீர். முதல் தண்ணீரை ஊற்றி, உடனே சிங்கில் கவிழ்த்தீர்.

"உதை ஏன் ஊத்துறீர்?" என்றேன்.

"அது கண் முழிக்கிறதுக்கு அண்ணே. குடிக்கிறதுக்கு இல்ல."

இரண்டாம் தண்ணீர் இள மஞ்சளாக வந்தது. என் மகள் மூக்கை நீட்டிப் பார்த்து, குதிரைத் தொழுவம் மணக்கிறது என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அதில் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலின் மணம் வந்தது. ஒரு மிடறு குடித்தேன். கசப்பு.

"சீனி எங்க? பாலும் கொஞ்சம் விடுவம்" என்று எழும்பினேன்.

என் கையைப் பிடித்து இருத்தினீர். "கொஞ்சம் பொறுங்க. விழுங்கிட்டுச் சும்மா இருங்க."

இருந்தேன். கசப்பு நாக்கை விட்டு மெல்லக் கழன்றது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு இனிப்பு மேலே வந்தது, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல. கிளாஸை மட்டும் நீட்டினேன். நீர் சிரித்தீர். "கசப்பு நாக்குல நின்னா அது செடி. வந்துட்டுப் போயிட்டா மரம்" என்றீர்.

மரம் என்றது எனக்குப் புதினமாக இருந்தது. தேயிலை என்றால் படத்தில் பார்த்த இடுப்பளவுச் செடிதானே. அப்போதுதான் நீர் கவ்வாத்தைப் பற்றிச் சொன்னீர். உங்கள் மலையில் நாலு வருடத்துக்கு ஒருமுறை கத்தியோடு வந்து செடியை மொட்டையாக வெட்டிவிடுவார்களாம். உம்முடைய ஐயா கவ்வாத்து வெட்டி வெட்டியே கை காய்த்துப்போனவராம்.

"எங்க மலையில இருக்கிறதும் மரந்தான் அண்ணே. வளர விடல. இது யாரும் கவ்வாத்து வெட்டாத மரம். கொழுந்து பறிக்க ஏறித்தான் போகணுமாம். நூறு வயசு, இருநூறு வயசு. அந்தப் பொம்பள படம் காட்டுச்சு, நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அதன் பிறகு ஞாயிறு பின்னேரம் என்றால் அதுதான். ஏழு தண்ணீர், எட்டுத் தண்ணீர். மூன்றாவதில் கசப்பு உச்சம். ஐந்தாவதில் காய்ந்த அப்ரிகாட் மணம். ஏழாவது வெறும் இனிப்புத் தண்ணீர், அதற்கும் நீர் கண்ணை மூடுவீர். வெளியே மேற்குக் காற்று யன்னலைப் பிடித்து உலுப்பும். அந்தப் பின்னேரங்களைப் போல நிம்மதியாக நான் இந்த நாட்டில் வேறெங்கும் இருந்ததில்லை. இதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

பிறகு ஊரில் சண்டை முடிந்த அந்த வருடம் வந்தது. என் தம்பியும் குடும்பமும் வன்னிக்குள். தை மாதத்துக்குப் பிறகு தொலைபேசி இல்லை. ஆட்கள் கொப்பன்ஹேகனுக்குப் பதாகையோடு போனார்கள். நானும் போனேன், நீரும் வந்தீர். வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. நான் சாப்பிடுவதில்லை. மனைவி பேசினால் எரிந்து விழுவேன். நீர் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்து, கேத்திலை வைத்து, கட்டியை நெம்பி, ஊற்றித் தந்துவிட்டு, என் முன்னால் இருப்பீர்.

மே மாதம் ஒரு ஞாயிறு. ஐந்தாம் தண்ணீரை நீட்டி, "மணந்து பாருங்க அண்ணே, இன்னைக்கு நல்லா வந்திருக்கு" என்றீர். எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ தெரியாது.

"உமக்கென்ன, மணந்து மணந்து குடிப்பீர். உங்கட ஆக்கள் மலையில பத்திரமா இருக்கினம். எரியிறது எங்கட வீடு" என்றேன்.

நீர் கிளாஸைக் கீழே வைத்தீர். பிறகு இரண்டு கிளாஸையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, "வாறேன் அண்ணே" என்று சொல்லிப் போனீர். மிச்சக் கட்டி மேசையிலேயே கிடந்தது. மனைவிக்கு அதன் அருமை என்ன தெரியும்? அன்று வறுத்து இடித்த தூளை ஒரு பானையில் போட்டு அலுமாரித் தட்டில் மூடாமல் ஆறவிட்டிருந்தாள். அதே தட்டில், அதற்குப் பக்கத்திலேயே கட்டியையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்தக் கிழமை ஊரில் சண்டை முடிந்தது. வெள்ளிக்கிழமை தம்பியின் குரல் வந்தது. முகாமில் இருந்தான், மனைவி பிள்ளைகளும் உயிரோடு. நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அழுது முடிய முதலில் உமது நினைவுதான் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு உமக்குத் தொலைபேசி எடுப்பது?

ஞாயிறு பின்னேரம் நீரே மணியடித்தீர். தம்பியின் சங்கதியை வாசலிலேயே சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லது அண்ணே, நல்லது அண்ணே" என்றீர். உமது கண் கலங்கியிருந்ததை எனக்கான சந்தோசம் என்றே எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஓடிப்போய்க் கேத்திலை வைத்தேன்.

முதல் தண்ணீர் விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. குசினி முழுக்கத் தூள் மணம். பெருஞ்சீரகம், மிளகாய், கறிவேப்பிலை, எல்லாம் அந்தக் கட்டிக்குள் இறங்கியிருந்தன. மீன் மணத்துக்கே இரண்டு தரம் கை கழுவுகிற மனிதர். அவமானத்தில் கூசிப்போனேன். "கெடுத்துப்போட்டம். ஊத்திப்போட்டு வேற போடுவம்" என்றேன்.

நீர் கிளாஸை மூக்கில் வைத்தபடியே இருந்தீர். குடித்தீர். திரும்பவும் மணந்தீர். உமது தோள் குலுங்கியது.

"எங்க அக்கா வீட்டுத் தேத்தண்ணி இப்பிடித்தான் மணக்கும்" என்றீர். "தோட்டத்துக்கு வந்தா ஒரே பையில யாழ்ப்பாணத் தூளக் கொண்டாந்து குடுத்துட்டு, அதே பையில தேயிலையக் கட்டிக்கிட்டுப் போவாங்க. லீவுக்குப் போனா ஒறப்புத் தேத்தண்ணின்னு கேலி பண்ணுவேன்."

"அக்கா எங்க இருக்கிறா?"

"கிளிநொச்சி. தோட்டத்துல நம்மாளுங்கள அடிச்ச கலவரத்துக்குப் பின்னாடி நெறையப் பேர் மலைய விட்டுட்டு வன்னிக்குப் போனாங்க இல்ல, அதுல அக்கா குடும்பமும் போச்சு. செவ்வாக்கிழமை தகவல் வந்துச்சு அண்ணே. ஷெல்லு. அக்காவும் அத்தானும்."

அப்படியென்றால் அந்த ஞாயிறும், அதற்கு முந்திய எல்லா ஞாயிறும், நீரும் என்னைப் போலவே காத்திருந்திருக்கிறீர். என் குசினியில், என் முன்னால். என் வாயிலிருந்து வந்ததையும் கேட்டுக்கொண்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நீர் என்னை நிமிர்ந்து பார்த்தீர். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நீங்க கேக்கலியே அண்ணே" என்றீர்.

அத்தனை வருடப் பழக்கம். உமது மலையின் பனி தெரியும், உமது ஐயாவின் கை தெரியும். உமக்கு வன்னியில் ஆட்கள் இருப்பார்களோ என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. தோட்டத்து ஆட்களுக்கு என்ன சண்டை என்ற நினைப்பு. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் சோற்றோடு குழைத்து ஊட்டியது அது. நான் உமது காலடியில் இருந்து அழுதேன். நீர் என்னைத் தூக்கி இருத்தி, அடுத்த தண்ணீரை ஊற்றினீர். இருவரும் எட்டுத் தண்ணீரும் குடித்தோம். அன்று அக்காவின் பெயரைக் கேட்டேன். பாக்கியம் என்றீர். அவர் சமைத்ததை, அடித்ததை, உம்மைத் தோளில் வைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கப் போனதை எல்லாம் இருட்டும் வரைக்கும் சொன்னீர்.

அந்தப் பாதிக் கட்டியை மேல்தட்டில் எடுத்துவைத்துவிட்டு, அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் வேறு கட்டி வாங்கித் தேயிலை குடித்தோம். அந்த வார்த்தையைப் பற்றி நீர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மன்னித்துவிட்டீர் என்பது தெரியும். ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்: மன்னித்துக்கொள்ளும்.

மே மாதத்தில் இங்கே மண்டபத்தில் விளக்கு வைப்பார்கள். சண்டையில் போனவர்களின் பெயரை ஆட்கள் எழுதிக் கொடுப்பார்கள். நீர் இருந்தவரைக்கும் அக்காவின் பெயரை நீரே எழுதினீர். நீர் போன பிறகு நான் எழுதுகிறேன். போன மே மாதம் மேசையில் இருந்த பெடிச்சி கடதாசியை வாசித்துவிட்டு, "ஐயா, பாக்கியம், கிளிநொச்சி எண்டு போட்டிருக்கிறியள். உங்களுக்கு என்ன முறை எண்டு எழுதேல்லை" என்றாள்.

பேனையை வாங்கி, அக்கா என்று எழுதினேன்.