இருட்டறையில் வெயில்

ஆறு மணி ரயில்காரருக்கு,

நீங்கள் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பேன் என்பதால் இதை டிபன் டப்பாவோடு வைக்கிறேன்.

நேற்று வேலைக்குப் போகவில்லை. ரயிலில் நின்றுகொண்டு போக வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்படாதீர்கள், காய்ச்சலெல்லாம் இல்லை.

வாடகை குறைவென்று இந்தப் புது ஏரியாவுக்கு வந்தபோது, "வெளிச்சம் அள்ளிக்கிட்டு வரும் சார்" என்ற புரோக்கரைப் பார்த்துச் சிரித்தோமே. பொழுது சாய்ந்து வந்திறங்கி, சின்ன அறையின் ஜன்னலை மறைத்துப் பெட்டிகளை அடுக்கி, இருட்டறை என்று பெயரும் வைத்தது நாம்தான்.

நேற்று பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். பதினொரு மணிக்கு வெயில் வந்து, பாய் விரித்ததுபோல் தரையில் படர்ந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டேன். எதிரே எழும்பும் அடுக்குமாடியின் சத்தம்கூடக் கனவில் கேட்பதுபோல் இருந்தது.

ஜன்னலோரம் ஒரு தொட்டில் அளவுக்குச் சின்னதாய் ஓரிடம் விட்டிருக்கிறேன். அங்கே என்ன வைக்கலாமென்று, இன்றாவது வெளிச்சம் இருக்கும்போதே வந்து சொல்லுங்கள்.

இனி சில மாதம் எந்த ரயிலிலும் இல்லாத,
உங்கள் எட்டு மணி ரயில்காரி