நீ நிறுத்தி வைத்த பிரஸ்கள்

இன்று காலை போளூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றவரின் சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ போய்ச் சில வருஷங்களாகியும் அந்த வாசனைக்கு எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆடிட்டர் படிப்பை முடித்து, சேவூரிலிருந்து நீயும் ஆரணியிலிருந்து நானும் சென்னையில் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தோம். முதலீடு திரட்டி, கம்பெனிகளை வாங்கி, சீர்படுத்தி விற்கிற நிறுவனம். வாங்குவதற்கு முன்பு கம்பெனியைத் துருவிப் பார்த்துச் சொல்வது நம் வேலை. டியூ டிலிஜென்ஸ் என்ற பெயர் உன் அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. "பொண்ணு பாக்கப் போற மாதிரி கம்பெனி பாக்கப் போறாளுங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

அங்கே மேலே போக எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். மும்பை, பெரிய பெரிய பேரங்கள், ஒருநாள் பார்ட்னர். எனக்கும் அதுதான் கனவு. நீ ஆபரேஷன்ஸ் கேட்டாய். வாங்கிய கம்பெனிக்குள்ளேயே போய் இருந்து அதை நடத்துகிற வேலை.

"ஏசி ரூமை உட்டுட்டு எண்ணெய் நாத்தத்துல போய் நிக்கிறேன்றியே, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று உன் அம்மா கத்தினார். நானும் அதையேதான் கேட்டேன், கொஞ்சம் நாகரிகமாக.

"பாத்துட்டுப் பாத்துட்டு வந்துகினே இருக்கோம்டி. ஒரு எடத்துலயாவது இருந்து பாக்கணும்" என்றாய்.

ராணிப்பேட்டைப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைக்கு உன்னை அனுப்பினார்கள். நீ போன சில மாதங்களில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் வேலை செய்த ஒரு பெண்ணின் விரல்கள் நசுங்கிப்போயின. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தாய்.

"கை உள்ள இருந்தா மெஷினு தானா நிக்கணும். அந்த சென்சாரைக் கழட்டி வெச்சிருக்கானுங்கடி, சரக்கு ஜல்தியா போவணும்னு."

மறுநாள் காலை எல்லா பிரஸ்களையும் நிறுத்தினாய். ஒவ்வொன்றிலும் சென்சார் மாட்டிய பிறகுதான் ஓட்டுவோம் என்றாய். அனுப்ப வேண்டிய சரக்கு தங்கியது. இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார்.

சென்னையில் உன்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். அந்த அறையில் நானும் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாமே என்றார் பார்ட்னர்.

"கேட்டிருந்தா ஓட்டச் சொல்லியிருப்பீங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். "நானா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்" என்றேன். உண்மையில் நிறுத்தியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த பதவி உயர்வு எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. எனக்கு உயர்வு வந்த வாரக்கடைசியில் என்னை வாழ்த்த ஆரணிக்கே வந்தாய். கோபமே இல்லையா என்று கேட்டேன். "இருக்குது. ஆனா திங்கக்கெழம அங்க போனா மறந்துடும்" என்று சொல்லிவிட்டு என் அம்மா வைத்த குழம்புக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாய்.

தொழிற்சாலை மெல்ல எழுந்தது. புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அதை விற்கிற நேரம் வந்தபோது பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவள் நான்தான். வாங்க வந்தவர்கள் முதலில் கேட்டது, "அந்த மேடம் எங்ககூட இருப்பாங்களா?" நீ அவர்களோடே இருந்துவிட்டாய். நோய் வந்து படுக்கும்வரை அங்கேதான் இருந்தாய்.

உன்னை எடுத்த அன்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் சேவூரில் வந்து இறங்கினார்கள். அதில் ஒரு பெண் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"எனக்கப்புறம் எங்க கம்பெனில யாருக்கும் வெரல் போவலம்மா" என்றாள்.

உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். உன் வேலை என்னவென்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். பார்ட்னராகிவிட்ட எனக்கும்தான்.

அதிலிருந்து எந்தக் கம்பெனியைப் பார்க்கப் போனாலும் முதலில் மெஷின் ஓடும் இடத்துக்குத்தான் போகிறேன். ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது இனி போதாது என்று தோன்றிவிட்டது. போன வாரம் என்னை ஆபரேஷன்ஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். இந்த வயதில் எதற்கு என்றார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன்.

பயமாக இருக்கிறது. உனக்கும் இருந்திருக்கும். எங்கள் யாரிடமும் நீ சொன்னதே இல்லை.