விட்டுப்போன பெயர்

ஜெனிஷா அப்பாவுக்கு,

இண்டூரில் அக்கா வீட்டில் இருக்கிறீர்களாம். போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

மில் கேட்டில் இருவரும் ஒன்றாகத்தான் காவலுக்கு நின்றோம். பரீட்சை எழுதி நான் சூப்பர்வைசரான முதல் நாள் காலை, வரிசையாகப் பெயர் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் சல்யூட் அடித்தார்கள். பெண்டாட்டிக்கு சல்யூட் அடிக்கிறானே என்று உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள் என நினைத்து, உங்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

"எம்பேரு உட்டுப்போச்சுங்க, மேடம்" என்றீர்கள். உங்கள் கை அதற்குள் நெற்றிக்குப் போயிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்புக்குப் பயந்தது நீங்களில்லை, நான்தான். நினைத்தாலே கூசுகிறது.

திங்கட்கிழமை டூட்டிக்கு வாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத உங்கள் பெயரை, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கூப்பிடுகிறேன்.

உங்கள் மனைவி