எட்டாவது வாரத்தில் நீ என்ன செய்தாய்

அக்கா,

இன்று காலை மெழுகு மாதிரியிலிருந்து நாக்கு மறுபடியும் கழன்று விழுந்துவிட்டது. கருவில் முகம் எப்படி உருவாகிறது என்று மாணவர்களுக்குக் காட்டும் மாதிரிகளைப் பார்த்துக்கொள்வதுதானே இந்தக் கல்லூரியில் என் வேலை. மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, இந்த எட்டாவது வாரக் கருவின் மாதிரி மட்டும் என் உயிரை வாங்குகிறது. ஒட்டுவதற்குப் பசையைத் திறந்தேன். அந்த நெடியில் உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும்.

உன் மகள் பிறந்தபோது கீழ்த்தாடை சிறுத்திருந்தது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்தது. அண்ணத்தில் பிளவு வேறு. "குப்புறப் போட்டு வைங்க, நாக்கு முன்னால வந்துடும்" என்றார் கோரிமேட்டு ஆஸ்பத்திரி டாக்டர். வீட்டுக்குக் குழந்தை பார்க்க வந்தவர்களோ, தலை கோணிவிடும் என்று மல்லாக்கத் திருப்பிப் போட்டார்கள். நீ ஒவ்வொரு முறையும் பேசாமல் எழுந்துபோய்க் குப்புறப் போட்டாய். அந்தப் பிள்ளை பிழைத்தது உன்னால்தான்.

அத்தனை தெளிவாக இருந்தவள், கிரகணத்தன்று வெண்டைக்காய் நறுக்கியதால் வந்த வினை என்று உன் நாத்தனார் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாத குடும்பம், கிரகணம் என்றால் மட்டும் கத்தியைத் தொடாது.

"கத்திய எடுக்காதன்னு சொன்னாங்கடா தம்பி. நாந்தான் கேக்கல."

பொறுக்க முடியாமல் இதே மாதிரியை ரெட்டியார்பாளையத்தில் உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதலில் நாக்கு மேலே, அண்ணத்தின் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்கும். தாடை வளர வளர அதற்கு இடம் கிடைத்துக் கீழே இறங்கும். பிறகுதான் தகடுகள் ஒன்றுசேரும். பாப்பாவுக்குத் தாடை வளர்ச்சி பின்தங்கியது, நாக்கு இறங்கவில்லை, தகடுகள் சேரவில்லை. எல்லாம் எட்டாவது வாரத்தை ஒட்டி நடப்பது. "கிரகணம் வந்தது ஏழாவது மாசம். அப்ப தாடையெல்லாம் எப்பவோ உருவாயிடுச்சுக்கா" என்று முடித்தேன். வழக்கில் ஜெயித்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

நீ காலண்டரை எடுத்தாய். விரல் விட்டு எண்ணினாய்.

"அந்த வாரம் மேட்டுப்பாளையம் கம்பெனிக்கு ஸ்கூட்டர்லதான்டா போயிட்டு இருந்தேன். ரோடு பூரா பள்ளம். அதான் குலுங்கிடுச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கூட்டரால் இல்லை என்று கத்தினேன்.

"அப்ப எதனாலன்னு நீயே சொல்லு."

நான் மறுபடியும் தாடை, தகடு என்று ஆரம்பித்தேன். என்னை என்ன சொல்ல? கிரகணத்தோடு போயிருக்க வேண்டிய உன் குற்றத்துக்குப் புது நாள் குறித்துக் கொடுத்தவன் நான்தான்.

அடுத்த மாதம் வேலையை விட்டாய். பத்து வருஷம் உழைத்து, நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசராக வந்திருந்தாய். எவ்வளவு கெஞ்சினேன்! ஆபரேஷன் முடிந்து அண்ணம் மூடியது, தாடையும் மெல்ல வளர்ந்தது. நீ திரும்பிப் போகவே இல்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டாய். போன வருஷம் நெஞ்சுவலியில் நீயே போய்விட்டாய். எரிச்சலாக இருக்கிறது அக்கா. உன் மேல் பாதி, என் மேல் பாதி.

உன் மகள் பதினொன்றாம் வகுப்பு. வாயாடி, ஒரு நிமிஷம் வாய் மூடுவதில்லை. இன்று சாயங்காலம் கல்லூரி வாசலில் எனக்காகக் காத்திருந்தாள்.

"மாமா, ஸ்கூட்டர்ல போனதாலதான் எனக்கு அப்படி ஆச்சுன்னு அம்மா சொல்லும். நெஜமா?"

இந்த முறை நான் பாடம் நடத்தவில்லை.

"இல்லம்மா. எதனாலன்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியல. உங்கம்மா ஒரு தப்பும் பண்ணல."

நீ கேட்ட அன்றும் எனக்குத் தெரியாதுதான். தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இத அம்மாகிட்ட சொன்னீங்களா மாமா?"